மூடுபனிக்குள் ஓர் ஆணி

— அப்போ என் பதினோரு வருஷத்துக்கு விலை ஒரு காகிதம், ஒரு உறை, ஒட்டுறதுக்கு நாக்கு நுனியில கொஞ்சம் எச்சில். அவ்வளவுதானே அண்ணே?

— இன்னும் ஒட்டல தங்கச்சி. ஒட்டுறதுக்கு முன்னாடி உன் காதுல போட்டுடணும்னுதான் கூப்பிட்டேன். இந்தக் கொட்டகையில நாற்காலி இல்ல, அந்த மணல் மூட்டை மேல உக்காரு. முதுகு பிடிச்சிருக்குன்னியே.

— முதுகு கிடக்கட்டும். இன்னொரு தடவை சொல்லுங்க. நான் துணிக்கடைக்காரர் மகள். உதறிப் பார்க்காம எதையும் எடுத்துக்க மாட்டேன்.

— என்ன சொல்ல வந்தேன்னா... உன் பேர்ல நிக்குதே எழுபத்தொண்ணு பன்னெண்டு மீட்டர், இந்த நாட்டுச் சாதனை... அந்த அளவு தப்பு. சங்கிலிக்குண்டை எறிஞ்சது நீ. அளக்குறதுக்காக விழுந்த இடத்துல ஆணி குத்த வேண்டியவன் நான். வேற குழியில குத்திட்டேன்.

— வேற குழின்னா?

— உன் குண்டு விழுந்த குழி இல்ல. அதுக்கும் அந்தாண்ட ஒரு குழி இருந்துச்சு. அதுல.

— எவ்வளவு அந்தாண்ட?

— ரெண்டு மீட்டர் எழுபத்திரெண்டு.

— அடேயப்பா! சென்டிமீட்டர் சுத்தமா சொல்றீங்களே. பண்ணின தப்பையும் நாடா பிடிச்சு அளந்து வெச்சிருக்கீங்களா?

— அன்னிக்கு எல்லாரும் போனப்புறம் அளந்தேன். உன்னோட உண்மையான எறி அறுபத்தெட்டு நாப்பது.

— எங்க அப்பா துணி அளக்கும்போது கட்டைவிரல் அகலம் ஒவ்வொரு மீட்டருக்கும் கடைப்பக்கமே தங்கிடும். வாங்குறவங்களும் தெரிஞ்சேதான் வாங்குவாங்க. நீங்க என்னடான்னா கேக்காமலே ரெண்டே முக்கால் மீட்டர் கூடுதலா கிழிச்சுக் கொடுத்திருக்கீங்க. உங்களைக் கல்லாவுல உக்கார வெச்சா ஒரே வாரத்துல கடைக்குப் பூட்டுதான்.

— சிரிக்காத தங்கச்சி.

— சிரிக்கலேன்னா என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. அதான் சிரிக்கிறேன். ஆணி குத்துறதுதானேண்ணே உங்க வேலையே? ஊரே உங்கள ஆணிக்காரர்னுதானே கூப்பிடுது?

— பனி. இப்ப வெளிய இறங்குது பாரு, இது ஒண்ணுமே இல்ல. அன்னிக்கு மைதானத்தையே ஒரு வெள்ளைத் துணியால போர்த்தின மாதிரி இருந்துச்சு. போட்டிய நடத்தியிருக்கவே கூடாது. மறுநாள் கால்பந்துக்காரங்களுக்கு இடம் விட்டாச்சு, தள்ளிப்போட முடியாதுன்னு பெரியவங்க பேசி முடிச்சுட்டாங்க. என்னைக் கொண்டுபோய் அந்தக் கோடியில நிறுத்தினாங்க. அங்கேர்ந்து நீ எறியிற வலைக்கூண்டு மட்டும் சாம்பலா, பாதி அழிச்ச பென்சில் படம் மாதிரி தெரிஞ்சது. உன்னை நான் பார்க்கவே இல்ல.

— எனக்கும் நீங்க தெரியல. மூணாவது வாய்ப்பு அது. நாலு சுத்து சுத்தி விட்டேன். கையை விட்டுப் போச்சு. போச்சுன்னா போச்சுதான். பாலுக்குள்ள ஒரு கல்லைப் போட்ட மாதிரி.

— எனக்கு முதல்ல ஒரு 'விர்'ரு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஏதோ ஒண்ணு என் தலைக்கு மேல வந்துக்கிட்டிருக்கு, எங்கேன்னு தெரியாது. அந்த நேரத்துல ஒரு ஆளுக்கு என்னென்னவோ தோணும். பெண்டாட்டிக்கிட்ட சொல்லாம வந்த விஷயம் ஒண்ணு தோணுச்சு. அப்புறம் 'தொம்'.

— என்ன விஷயம்?

— அது உனக்கு எதுக்கு? சத்தம் வந்த பக்கமா நடந்தேன். பஞ்சுக்குள்ள நடக்குற மாதிரி. நீட்டின கை எனக்கே தெரியல. கால் ஒரு குழியில இறங்குச்சு. புதுக் குழி, ஓரத்துல மண்ணு ஈரமா, பிய்ச்ச ரொட்டி மாதிரி. குத்திட்டேன். 'ஆணி'ன்னு கத்தினேன். நாடாவை இழுத்தாங்க, படிச்சாங்க, பலகையில போட்டாங்க.

— குழியில குண்டு இருந்துச்சா?

— இல்ல. சில நேரம் துள்ளிப் போயிடும்ல, அப்படின்னு நினைச்சேன். அப்புறம் அதைத் தேடிக்கிட்டே திரும்பி நடந்தேன். காலுல இடிச்சுது. இன்னொரு குழி. அது பக்கத்துல உன் குண்டு, கம்பியச் சுருட்டிக்கிட்டுத் தூங்குற பூனை மாதிரி.

— அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணே.

— வாயைத் தொறந்தேன். சத்தியமா தொறந்தேன். அதுக்குள்ள பனிக்குள்ளேர்ந்து ஒரு குரல். நீதான். உங்க ஊர்ப் பாஷையில அழுதுக்கிட்டே என்னமோ கத்தினே. பார்க்க வந்திருந்த இருபது முப்பது பேரும் கை தட்டினாங்க. முகமே தெரியாத கைதட்டல். கேக்கறதுக்கு மழை மாதிரி இருந்துச்சு. தொறந்த வாயை மூடிட்டேன். மூடினது மூடினதுதான்.

— நான் என்ன கத்தினேன்னு தெரியுமா?

— தெரியாது. ஏதோ பிரார்த்தனைன்னு நினைச்சுக்கிட்டேன்.

— 'அப்பா, இதுக்கு என்ன விலை போடுவே'ன்னு கத்தினேன். ஊரை விட்டு வரும்போது அவரு கேட்டாரு: 'பொண்ணு குண்டு சுத்தினா அதை யாரு வாங்குவா?' அதுக்குப் பதில் அன்னிக்குத்தான் கிடைச்சுது. அந்த நம்பரை வாங்க ஒரு நாடே வந்துச்சு. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் ஒரு ஜன்னலுக்கும் இன்னொரு ஜன்னலுக்கும் காகிதத்தைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சேன். 'அடுத்த மாசம் வாங்க', 'இந்தக் கையெழுத்து இல்ல, அந்தக் கையெழுத்து.' எழுபத்தொண்ணு பன்னெண்டு வந்த மூணாம் மாசம் அதே ஜன்னல்காரர் எழுந்து நின்னு கை கொடுத்தாரு. குடியுரிமை. அணிச் சட்டை. முதுகுல நாட்டுப் பேரு.

— தெரியும். அந்தச் சட்டையில நீ வந்து நின்னப்போ நான் இங்க உக்காந்து குழி மூடுற சாந்து குழைச்சுக்கிட்டிருந்தேன். தலையத் தூக்கல.

— எட்டு நாடு சுத்தியிருக்கேன் அண்ணே. எல்லா விமான நிலையத்துலயும் பையைத் திறந்து 'இது என்ன'ம்பாங்க. குண்டு, கம்பி, கைப்பிடி. 'இதை வெச்சு என்ன செய்வே'ம்பாங்க. 'தூர எறிவேன்'பேன். 'அப்புறம்?' 'போய் எடுத்துட்டு வருவேன்.' ஒருத்தரு முகத்துலயும் சிரிப்பு வராது. மூணு உலகப் போட்டி, ரெண்டுல இறுதிச் சுத்து. ஒவ்வொரு இடத்துலயும் ஒலிபெருக்கியில என் பேருக்குப் பின்னாடி அந்த நம்பரைச் சொல்லுவாங்க. கூட்டம் ஒரு நிமிஷம் அமைதியாகும். நான் வட்டத்துக்குள்ள போவேன். அறுபத்தெட்டு எறிவேன். வெளிய வருவேன்.

— அறுபத்தொன்பது தொண்ணூறு ஒரு தடவை.

— ஞாபகம் வெச்சிருக்கீங்களே.

— உன் எறி ஒவ்வொண்ணும் எனக்கு ஞாபகம் இருக்கு. எப்பவாவது நீ எழுபத்தொண்ணு பன்னெண்டைத் தாண்டிட்டா என் தப்பு அழிஞ்சிடும். அந்த ஆசையிலதான் இத்தனை வருஷமும் சும்மா இருந்தேன்.

— நான் என்ன பண்ணேன் தெரியுமா? அதை மறுபடி எறியறதுக்கு அலைஞ்சேன். மூணு பயிற்சியாளர் மாத்தினேன். ஒருத்தரு சொன்னாரு காலை மாத்துன்னு. ஒருத்தரு சொன்னாரு மூச்சை மாத்துன்னு. இன்னொருத்தரு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, 'அன்னிக்கு இவ என்ன சாப்பிட்டா'ன்னு விசாரிச்சாரு. பஸ் ஓட்டுற மனுஷன், அவருக்கு என்ன ஞாபகம் இருக்கும்? சுத்தும்போது எல்லாம் கரைஞ்சு போயிடும் அண்ணே. ஆளுங்க, கூரை, கொடி எல்லாம் ஒரே வெள்ளைக் கோடா ஓடும். குண்டு மட்டும் அசையாம என் எதிர்ல நிக்கும். உலகமே சுத்துது, நானும் அதுவும் மட்டும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நிக்கிறோம்னு இருக்கும். அந்த நிமிஷத்துல 'அன்னிக்கு என்ன பண்ணேன், அன்னிக்கு என்ன பண்ணேன்'னு தேடுவேன். ஒண்ணுமே கிடைக்காது. இப்பத்தானே தெரியுது. நான் எறியாததைத் திரும்ப எறியப் பார்த்திருக்கேன்.

— தங்கச்சி...

— எங்க வீட்டுக் கதவுக்கு நம்பர் பூட்டு. ஏழு ஒண்ணு ஒண்ணு ரெண்டு. பெட்டிக்கும் அதான். பொண்ணு பள்ளிக்கூட அலமாரிக்கும் அதான். இனிமே வீட்டுக்குள்ள போகும்போதெல்லாம் பொய் சொல்லித்தான் போகணும் போல.

— அதுக்குத்தான் நான் இத்தனை நாள் பயந்தேன்.

— பயந்த மனுஷன் பயந்துக்கிட்டே இருந்திருக்கலாமே! பதினோரு வருஷம் நல்லபடியா பயந்தீங்க. இன்னிக்கு மட்டும் என்ன தைரியம்?

— பன்னு. அந்த ரொட்டிக்கடைப் பொண்ணு.

— அவ என்ன பண்ணா?

— நீயும்தானே பார்த்தே. கடைசி வாய்ப்பு. எழுபது எண்பத்தொண்ணு. நான்தான் ஆணி குத்தினேன். இன்னிக்குக் காலையில பனியில்ல, பளிச்சுன்னு வெயில். சரியான குழி, சரியான இடம். நாடாவைப் படிச்சதும் அவ முகம் இருக்கே... உன் சாதனைக்கு முப்பத்தொரு சென்டிமீட்டர் குறைச்சல். இந்த வருஷம் உலகப் போட்டிக்கு நம்ம நாட்டுக்கு ஒரே இடம். சாதனையை முறியடிச்சா அவ போகலாம். முறியடிக்கலேன்னா சாதனைக்காரி போகலாம். சங்கத்து விதி. குத்தின ஆணியை என்னால பிடுங்க முடியல தங்கச்சி. மண்ணு கெட்டியாயிடுச்சு போலன்னு மத்தவங்க நினைச்சாங்க. மண்ணு ஒண்ணும் கெட்டியாகல.

— ஓ.

— மதியம் இங்க வந்து சங்கத்துக்கு இந்தக் கடிதத்தை எழுதினேன். அஞ்சு மணிக்கு உள்ள சங்கத்துக்காரங்க பட்டியல்ல கையெழுத்துப் போடுறாங்க. அதுக்குள்ள இதைக் கொடுத்தா உன் அளவை ரத்து பண்ணிடுவாங்க. பன்னு போவா.

— இப்போ மணி என்ன?

— நாலு இருபது.

— நாப்பது நிமிஷம். சரி, உக்காருங்க. வியாபாரம் பேசுவோம். இந்த உலகப் போட்டி எங்க நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?

— தெரியும். உன் ஊர்ல.

— என் ஊர்லன்னா, நான் பொறந்த தெருவுலேர்ந்து மூணு தெரு தள்ளி. பதினஞ்சு வருஷமா நான் அந்தப் பக்கம் போனதில்ல. முதல்ல காகிதம் இல்ல, அப்புறம் கோபம், அப்புறம் நேரமில்ல. எங்க அப்பா நான் எறிஞ்சு ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல. இப்ப என்ன பண்ணியிருக்காரு தெரியுமா? கடைத்தெருவுல முப்பது பேருக்கு டிக்கெட் எடுத்துட்டாரு. மொத்தமா எடுக்குறேன், தள்ளுபடி கொடுன்னு சண்டை வேற. கொடுக்கல. அதுக்கப்புறமும் எடுத்திருக்காரு அண்ணே! எங்க அப்பா! தள்ளுபடி இல்லாம அவரு ஒரு ஊசி கூட வாங்கினதில்ல.

— மணி நாலு இருபத்தஞ்சு தங்கச்சி.

— ஒரு மாசம் தள்ளிப் போடுங்க. போட்டி முடிஞ்சு திரும்பி வர்றேன். நானே உங்களைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் இந்தக் கடிதத்தைக் கொடுக்க வைக்கிறேன்.

— பன்னுவுக்கு?

— இருபத்திரெண்டு வயசு. அவளுக்கு இன்னும் நாலு உலகப் போட்டி இருக்கு. எனக்கு முப்பத்தேழு. கடையைச் சாத்துற நேரம். கடைசி சரக்கு.

— அவ முழங்கால்ல ரெண்டு தடவை கத்தி வெச்சாச்சு. நாலு இருக்கோ ஒண்ணு இருக்கோ யாருக்குத் தெரியும்?

— சரி, மூணு வாரம். போட்டி நடந்து முடிஞ்ச மறுநாளே.

— அளந்துதான் பேசுறேன் தங்கச்சி. ஒரு நாள் தள்ளினாலும் அது இன்னொரு ஆணி.

— பிடிவாதக்காரரே, எங்க ஊர்ல இப்படி ஒத்தை விலை சொல்றவங்க கிட்ட ரெண்டாம் தடவை போக மாட்டோம். நீங்க கொடுத்த தப்புக்கு நான் வட்டி கட்டணுமா? நான் கேட்டேனா?

— நீ கேக்கல. நான்தான் கொடுத்தேன். கொடுத்ததைத் திருப்பி எடுக்குறது அசிங்கம்னு எனக்கும் தெரியும். அதான் உறையை ஒட்டாம உக்காந்திருக்கேன். கிழின்னு நீ சொல்லிட்டா கிழிச்சிடுவேன். அதுதான் உண்மை. நாள் தள்ளத்தான் மாட்டேன்.

— அப்போ என் தலையில கட்டுறீங்க.

— ஆமா. கட்டுறேன்.

— நல்ல ஆளுண்ணே நீங்க!

— அக்கா! ஆணி மாமா! உள்ளதான் இருக்கீங்களா? வெளிய ஒண்ணுமே தெரியல, சுவத்தைத் தடவிக்கிட்டே வந்தேன்.

— வா பன்னு. கதவைச் சாத்து, பனி உள்ள வருது.

— ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க? செத்த வீடு மாதிரி?

— ஒண்ணுமில்ல. இந்த மணல் மூட்டை என்ன விலைன்னு பேசிக்கிட்டிருந்தோம். நீ எதுக்கு வந்தே?

— அக்கா, திட்டாதீங்க. ஒண்ணு கேக்கணும்.

— கேளு.

— சத்தியமா திட்டக்கூடாது. உங்க கையுறை... பழசு, இடது கை. ஊருக்குப் போகும்போது புதுசு எடுத்துட்டுப் போவீங்கல்ல. பழசை எனக்குக் கொடுக்குறீங்களா?

— அது நாத்தம் புடிச்சுக் கிடக்கு. எதுக்கு அது உனக்கு?

— சும்மா. அக்கா, நான் சின்னதுல இருந்து கடையில மாவு பிசைஞ்சுக்கிட்டே உங்க நம்பரைச் சொல்லிக்கிட்டிருப்பேன். எழுபத்தொண்ணு பன்னெண்டு, எழுபத்தொண்ணு பன்னெண்டு. அந்தத் தாளத்துக்குப் பிசைஞ்சாத்தான் மாவு பதமா வரும்னு அப்பா கிண்டல் பண்ணுவாரு. தூக்கத்துல கூட அந்த இடம் வரும். ஒரு புல்வெளி, ஒரு சின்னக் குழி, அதுல ஒரு விளக்கு மாதிரி. நான் எறிஞ்சுக்கிட்டே இருப்பேன், அது நகர்ந்துக்கிட்டே இருக்கும். சத்தியமா.

— இன்னிக்கு முப்பத்தொரு சென்டிமீட்டர்ல விட்டுட்டே.

— விட்டா என்ன? அது நிஜமான நம்பர்க்கா. நிஜத்துக்கிட்ட அவ்வளவு பக்கத்துல போயிட்டேனேன்னு இருக்கு. அழுதேன்தான். ஆனா தெரிஞ்சுபோச்சு, மனுஷியால முடியும். நீங்க முடிச்சுக் காட்டலேன்னா நான் அறுபத்தஞ்சுலயே 'போதும்டா சாமி'ன்னு உக்காந்திருப்பேன்.

— கையுறை அந்த ஆணியில தொங்குது. எடுத்துக்கோ.

— ஐயோ அக்கா! நிஜமாவா?

— ஓடு. அப்பா வெளிய காத்திருப்பாரு. பனியில பாத்துப் போ. வலப்பக்கமா போனா சாக்கடை, சுவத்தை விடாத.

— வர்றேன்க்கா! வர்றேன் மாமா!

— போயிட்டாளா?

— போயிட்டா. விசில் சத்தம் கேக்குது பாரு.

— 'நிஜமான நம்பர்'ங்கிறா அண்ணே.

— கேட்டேன்.

— மணி?

— நாலு முப்பத்தஞ்சு. தங்கச்சி, நான் என்ன பண்ணட்டும்? சொல்லு. கிழிக்கவா, ஒட்டவா?

— இருங்க. வாங்கப்போற துணியில ஒரு இடத்துல நெசவு புரியல. உங்க கதையில ஒண்ணு இடிக்குது. அந்த அந்தாண்ட குழி, அது யாரோடது?

— அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் புரியல. அன்னிக்கு எறிஞ்சது ஆறு பேரு. உனக்கு முன்னாடி எறிஞ்ச எல்லாக் குழியிலயும் நான்தான் ஆணி குத்தினேன். ஒண்ணு கூட அறுபத்தாறைத் தாண்டல.

— முந்தின நாள் குழியா இருக்கும்.

— இருக்கவே முடியாது. முந்தின நாள் சாயங்காலம் ஒவ்வொரு குழியா மணலும் சாந்தும் போட்டு நிரப்பி, உருளை ஓட்டிட்டுத்தான் பூட்டிட்டுப் போனேன். மேசை மாதிரி இருந்துச்சு மைதானம். அப்புறம் போட்டி ஆரம்பிக்கிற வரைக்கும் ஒரு ஈ காக்கா உள்ள வரல.

— ஆம்பளைங்க குண்டு?

— அது பெரிசு, குழியும் ஆழமா இருக்கும். இது நாலு கிலோ குண்டு போட்ட குழிதான், எனக்குத் தெரியாதா? இன்னொரு விஷயம். அதை யாரோ மூடப் பார்த்திருந்தாங்க. அள்ளின மண்ணை அரைகுறையா போட்டு மிதிச்சிருந்தாங்க. ரப்பர் பூட்ஸ் தடம் இருந்துச்சு. சாயங்காலம் அளக்கப் போனப்போதான் பார்த்தேன்.

— ரப்பர் பூட்ஸ்.

— ஆமா. எறியறவங்க யாரும் ரப்பர் பூட்ஸ் போட மாட்டாங்க. அதான் விசித்திரம். பேயா இருக்குமோன்னு கூட நினைச்சிருக்கேன். பெண்டாட்டி சிரிச்சா.

— அண்ணே, அந்தக் குழி தண்ணிக் குழாய்க்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?

— அந்தப் பக்கம். குழாயைத் தாண்டி ரெண்டு எட்டு... ஏய், தண்ணிக் குழாய்னு நான் சொல்லவே இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?

— பேனா இருக்கா?

— தங்கச்சி, உனக்கு எப்படித் தெரியும்னு கேக்குறேன்.

— பேனாவை எடுங்க. உறையிலேர்ந்து கடிதத்தையும் எடுங்க. கீழ இடம் இருக்கா?

— நாலு வரிக்கு இருக்கு.

— பத்தாது. பின்பக்கம் திருப்புங்க. நான் சொல்ல, நீங்க எழுதுங்க.

— திருப்பிட்டேன். சொல்லு.

— எழுதுங்க. 'அந்த வருஷம் இந்த மைதானத்துல படிக்கட்டும் கழிப்பறையும் துடைக்கிற வேலைக்கு நாலு பேரு இருந்தாங்க. அதுல ஒருத்தி இந்தக் குண்டு எறியறவ. போட்டி நாளும் அவளுக்கு வேலை நாள்தான். முதல் பஸ்ல வந்துடுவா.' எழுதிட்டீங்களா?

— ... முதல் பஸ்ல வந்துடுவா. ம்.

— 'அவகிட்ட எல்லாக் கதவுக்கும் சாவி இருந்துச்சு. குண்டு வெக்கிற அறைக்கும். அன்னிக்கு வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி பனி. கோடு போடல, வலை கட்டல. எடை பார்த்துத் துணி சுத்தி வெச்சிருந்த குண்டுல ஒண்ணை எடுத்தா. போட்டி நாள்ல, ஆள் இல்லாத நேரத்துல, அனுமதி இல்லாம. தெரிஞ்சா போட்டியும் போகும், வேலையும் போகும்.'

— மெதுவா... மெதுவா சொல்லு. கை ஓடல.

— 'வட்டத்துல நின்னா. ரப்பர் பூட்ஸ்ல சுத்த முடியல. கழட்டி வெச்சுட்டா. வெறுங்கால். சிமெண்டு ஐஸா இருந்துச்சு. யாரும் பார்க்கல, யாருக்காகவும் இல்ல. ஒரே ஒரு தடவை சுத்தி விட்டா. விட்டப்போ குண்டு கனமே இல்லாம இருந்துச்சு. விழுந்த சத்தம் கூடக் கேக்கல. பூட்ஸை மாட்டிக்கிட்டுத் தேடிப் போனா. நடந்தா, நடந்தா, தண்ணிக் குழாயும் வந்துச்சு, அதையும் தாண்டிப் போனா. பனியில தூரம் ஏமாத்துதுன்னு நினைச்சுக்கிட்டா. வாட்ச்மேன் இருமுற சத்தம் கேட்டுச்சு. பயந்து மண்ணைத் தள்ளி மிதிச்சுட்டு, குண்டைத் துடைச்சுத் திரும்ப வெச்சுட்டு, வாளியைத் தூக்கிக்கிட்டு மேல ஏறிட்டா.'

— தங்கச்சி...

— 'போட்டி நேரத்துல பலகையில அந்த நம்பரைப் பார்த்தா. போட்டியில எறிஞ்சது சுமார்தான்னு கை சொல்லுச்சு. பலகை வேற சொல்லுச்சு. கடைக்காரன் மகள், தராசை நம்பிட்டா. காலையில எறிஞ்சதைக் கனவு கணக்குல சேர்த்துட்டா.'

— அப்போ... அப்போ எழுபத்தொண்ணு பன்னெண்டு உன்னோடதுதானே! எறிஞ்சது நீதானே! பதினோரு வருஷமா நான்... ஏம்மா, அப்போ இந்தக் கடிதமே வேணாமே! கிழிச்சுடுறேன்!

— கையை எடுங்க. கிழிச்சீங்கன்னா கெட்ட கோபம் வரும். அது என்னோட எறி, ஆனா போட்டியோட எறி இல்ல. பன்னு போகட்டும். எங்க அப்பாவுக்கு நான் தந்தி மாதிரி ஒரு வரி சொல்லிக்கிறேன், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தா பாதிப் பணம்தான் வரும்னு அவரு கத்தட்டும். இல்லேன்னா அந்த முப்பது பேரும் பன்னுவுக்குக் கை தட்டட்டும்.

— அப்போ உனக்கு என்ன மிஞ்சும்?

— கடைசி வரியை எழுதிட்டு உறையை ஒட்டுங்க, மணி ஆகுது. கணக்கை மட்டும் தெளிவா போடுங்க: 'அன்னிக்கு இவ எறிஞ்சதுல கணக்குக்கு வர்றது ரெண்டு. நான் ஆணி குத்தி பலகையில ஏத்தினது ஒண்ணு, அது யாரும் பார்க்காதது. போட்டியில எறிஞ்சது பலகையில ஏறாம புல்லுலயே கிடக்கு, அறுபத்தெட்டு நாப்பது. அது இவளுக்கு நான் தர வேண்டிய பாக்கி.'